வேலிச்சண்டை: லண்டன் பதிப்பு

கன நாளாய் எழுத வேணும் எண்டு நினைச்சு நினைச்சுத் தள்ளிப்போட்ட கதை. போன சனிக்கிழமை நடந்த ஒரு சின்னச் சம்பவத்துக்குப் பிறகு இனியும் எழுதாமல் விட்டால் சரிவராது என்று பட்டது. அந்தச் சம்பவத்துக்குக் கடைசியில் வாறன்.

விசயம் வேறொன்றுமில்லை, வேலி. யாழ்ப்பாணத்தானுக்கு வேலியைப் பற்றிக் கதைக்கச் சொல்லித் தரவேணுமோ என்று நீங்கள் சிரிக்கிறது கேட்குது. ஆனால் இது கிடுகு வேலியும் இல்லை, கிளுவை வேலியும் இல்லை. லண்டன் வேலி. ஏழு மீற்றர் உயரம்.

2009-இல் லண்டனின் வடமேற்குப் பக்கம் இந்த வீட்டை வாங்கினோம். 1930-களில் கட்டின, ஒரு பக்கச் சுவர் ஒட்டின வீடு. பின்னால் பன்னிரண்டு மீற்றர் நீளத்தில் ஒரு வளவு. வளவு என்று சொல்ல வாய் கூசும், ஆனால் லண்டனில் அதுதான் வளவு. அதின்ரை தெற்கு எல்லையில், பின்வீட்டுக்காரரின் காணிக்குள், ஒரு பச்சைச் சுவர். வாங்கேக்கை அது அழகாய்த்தான் இருந்தது. மறைப்பாய் இருக்கு எண்டு மனிசிக்கும் சந்தோசம். வீட்டைக் காட்டினது யூலை மாதம். அதுதான் வில்லங்கம். இந்த ஊரில் வீடு பார்க்கிற ஆட்களுக்கு நான் சொல்லுற ஒரே புத்திமதி, டிசம்பரில் போய்ப் பாருங்கோ.

அந்த மரத்துக்குப் பெயர் லேலண்டி. வேல்ஸில், வெல்ஷ்பூல் பக்கம், லைற்றன் ஹோல் என்றொரு பெரிய தோட்டம். வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் ஒன்றையொன்று காணாத தூரத்தில் வளர்ந்த இரண்டு சைப்ரஸ் இனங்களை அங்கே கொண்டுவந்து கிட்டக் கிட்ட நட்டிருக்கிறார்கள். 1888-இல் அதுகள் இரண்டும் கலந்து பிறந்த கலப்புத்தான் இது. அந்தத் தோட்டத்துச் சொந்தக்காரக் குடும்பத்து ஆள் ஒருவரின் பெயரே மரத்துக்கும் வந்தது. இயற்கையில் சந்தித்திருக்காத இரண்டைச் சந்திக்க வைத்ததின் பலன், வருசத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு மீற்றர் வளர்த்தி. நட்டவர் ஒழுங்காய் வெட்டிக்கொண்டிருக்கும் வரைக்கும் அது வேலி. ஒரு மூன்று வருசம் விட்டாரோ, பிறகு காடு.

2011-இல் அம்மா வந்தா. அப்பா அதுக்கு முதல் வருசம் ஊரில் போய்ச் சேர்ந்திருந்தார். அம்மாவுக்குப் படியேறக் கஷ்டம் எண்டு கீழே, குசினிக்குப் பக்கத்து அறையைக் கொடுத்தோம். யன்னல் தெற்கை, அதாவது வேலியைப் பார்த்தபடி. லண்டனில் டிசம்பர் மாதக் கடைசியில் நடுமத்தியானத்திலும் சூரியன் பதினைஞ்சு பாகைக்கு மேல் எழும்பாது. ஏழு மீற்றர் மரத்தின் நிழல் அப்போது இருபத்தாறு மீற்றர் போகும். என்ரை வளவு பன்னிரண்டு. மிச்சம் சுவரில் ஏறி, கீழ்வீட்டை முழுக்க மூடிப்போட்டுத்தான் நிற்கும். ஒக்டோபர் தொடங்கினால் மார்ச் வரைக்கும் அம்மாவின் அறையில் பகலிலும் லைற். "தம்பி, இது வீடோ கிணறோ?" எண்டு கேட்டா ஒருநாள். முன்வாசல் படியில் காலமை கொஞ்ச நேரம் வெயில் விழும். அம்மா கோட்டைப் போட்டுக்கொண்டு அந்தப் படியில் போய் இருப்பா. வெயில் நகர நகர தானும் நகர்ந்து, கடைசியில் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நிப்பா. றோட்டாலை போறவை பார்த்துக்கொண்டு போவினம்.

வந்த அந்த வருசமே வெந்தயமும் தக்காளியும் போட்டுப் பார்த்தா. வெந்தயம் நூல்போல எழும்பிச் சரிஞ்சது. தக்காளி பூக்கவேயில்லை.

சரி, நான் என்ன செய்தன்? முதலில், சட்டப்படி எனக்கு உரிமை உள்ளதைச் செய்தன். எல்லை தாண்டி என்ரை பக்கம் நீட்டின கொப்புகளை எல்லைவரைக்கும் வெட்டலாம். வெட்டின கொப்பும் மரத்துக்காரருக்குத்தான் சொந்தம், வேணுமோ எண்டு கேட்கவேணும், வேலிக்கு மேலாலை எறியக்கூடாது. உயரத்தில் கைவைக்க உரிமையில்லை. கோபத்தில் கொஞ்சம் ஆழமாய் வெட்டிப்போட்டன். லேலண்டியின்ரை குணம் அப்பத்தான் தெரியவந்தது. பச்சையைத் தாண்டி உள்ளே மண்ணிறக் கட்டைக்குள் வெட்டினால் அந்த இடத்தில் திரும்பத் துளிர்க்காது. எங்கடை பூவரசும் கிளுவையும் போல எண்டு நினைச்சதுதான் பிழை. அதுகளை மொட்டையடிச்சாலும் ஆடி முடியத் தழைக்கும். இது தழைக்கவில்லை. பச்சைச் சுவர் போய் மண்ணிறச் சுவர். நிழல் அப்படியே.

கோயிலில் ஒருவர், பெரிய படிப்புப் படித்தவர், காதுக்குள் சொன்னார்: "இரவிலை உப்பைக் கரைச்சு வேருக்கு ஊத்தும், ஆருக்குத் தெரியப்போகுது." அது குற்றம். பிடிபட்டால் பொலிஸ். (ஊத்தலாமோ எண்டு ஒரு கிழமை யோசிச்சன் என்பதையும் மறைக்கவில்லை.)

பிறகு இரண்டு கடிதம் எழுதினேன். அழகான ஆங்கிலத்தில், மரியாதையாய். பதில் இல்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேணும். பின்வீட்டுக்காரரை நான் அதுவரை கண்டதில்லை. அவருடைய வாசல் வேறு றோட்டில். அவரின் வேலிக்கும் என் குசினிக்கும் பன்னிரண்டு மீற்றர். அவரின் கதவுக்குப் போக மூன்று தெரு சுற்றிப் பத்து நிமிசம் நடக்கவேணும். ஊரில் எண்டால் வேலியில் ஒரு பொட்டு இருக்கும். அந்தப் பொட்டுக்குள்ளாலை சீனி போகும், நெருப்புப்பெட்டி போகும், பொம்பிளையளின் பாதிக் கதை போகும். லேலண்டியில் பொட்டு வைக்க ஏலாது.

2015-இல் கவுன்சிலுக்குப் போன் அடிச்சன். இங்கிலாந்தில் உயர்ந்த வேலிகளுக்கென்றே சட்டம் இருக்கிறது. 2003-ஆம் ஆண்டின் சமூகவிரோத நடத்தைச் சட்டம், அதில் எட்டாம் பகுதி. போதைப்பொருள் வீடுகளை மூடுறது, சுவரில் கிறுக்கிறவனைப் பிடிக்கிறது எல்லாம் வாற அதே சட்டத்துக்குள் வேலியும் வருகுது. சிரிக்காதையுங்கோ. அதே 2003-இல்தான் லிங்கன் நகரில் வேலித் தகராறு முற்றி ஒரு முதியவரைப் பக்கத்து வீட்டுக்காரர் சுட்டே கொன்றார். வேலிப் பகுதி 2005 யூன் 1-ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட என்றும்பச்சை மரங்கள் வரிசையாய் நிற்கவேணும், இரண்டு மீற்றருக்கு மேல் உயர்ந்திருக்கவேணும், அந்த உயரத்தால் வெளிச்சத்தையோ போக்குவரத்தையோ மறைக்கவேணும். தனி மரம் சேராது. இலை உதிர்க்கிற மரம் சேராது. வேர் சுவரை உடைக்குது என்ற முறைப்பாடும் இதுக்குள் வராது, அதுக்கு வேறு வழி பார்க்கவேணும்.

போனில் இருந்த பிள்ளை எல்லாத்தையும் கேட்டுப்போட்டு ஒரு கேள்வி கேட்டா: "நீங்கள் அவரோடு பேசினீர்களா?"

"கடிதம் எழுதினேன். இரண்டு."

"கதவைத் தட்டினீர்களா?"

நான் பேசாமல் நின்றேன். முதலில் உங்களுக்குள் தீர்க்க நியாயமான முயற்சி எல்லாம் எடுத்திருக்கவேணும், இல்லையெண்டால் முறைப்பாட்டை எடுக்கவே மறுக்கலாம் என்று சட்டத்திலேயே இருக்காம். கட்டணமும் உண்டு, கவுன்சிலுக்குக் கவுன்சில் வித்தியாசம். எங்கடையில் நானூறு பவுண்ஸ் சொச்சம். வென்றாலும் திரும்பி வராது. (வட அயர்லாந்தில் வேலிகளுக்கென்று 2011-இல் ஒரு சட்டம் போட்டு, முறைப்பாடு சரியெண்டால் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்து வேலிக்காரரிடம் அறவிட வழி வைத்திருக்கிறார்கள். அதுதான் நியாயம் என்பது என் கட்சி. இங்கே வெளிச்சமில்லாதவன்தான் காசு கட்டவேணும்.)

சரி, போய்த் தட்டினன். எண்பதை நெருங்கின ஒரு வெள்ளைக்காரர், கையில் தடி, காதில் மெசின். கடிதங்கள் வந்தது, வாசித்தேன் என்றார். வேலி 1985-இல் அவருடைய மனைவி கையால் நட்டதாம். மனைவி இருக்கும்வரை வருசத்துக்கு இருமுறை தானே ஏணி வைத்து வெட்டினாராம். மனைவியும் போய், முழங்காலும் போய், இப்போது முடியவில்லை. ஆள் பிடித்தால் பிடுங்கிவிடச் சொல்கிறார்கள், பிடுங்க விடமாட்டேன் என்றார். "கவுன்சிலுக்குப் போவதென்றால் போங்கள்" என்றுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அவர் சொன்னதில் எனக்குக் கேட்டது கடைசி வசனம் மட்டும்தான். முழங்கால் கதையும் ஆள்பிடிக்கிற கதையும் உண்மையில் காசுக் கதை என்பது அப்போது உறைக்கவில்லை. சமரசம் பேச நடுவர் ஒருவரை ஒழுங்குபண்ணலாம் என்று கவுன்சில் சொன்னது. அதுக்கும் அவர் பதில் போடவில்லை. நான் நானூறைக் கட்டினேன்.

படிவம் நிரப்புறது ஒரு சின்ன அப்பியாசம்தான். வளவின் படம் கீறவேணும், வடக்கு எது எண்டு குறிக்கவேணும், யன்னல்கள் எங்கே, வேலிக்கு எவ்வளவு தூரம், எழுதின கடிதங்களின் பிரதி, போய்த் தட்டின திகதி. எல்லாத்திலும் ஒரு பிரதி எதிராளிக்கும் போகும். பிறகு ஒருநாள் ஒரு அதிகாரி நீளத் தடியோடு வந்தார். இரண்டு வளவுக்கும் போய் அளந்தார். நான் வெட்டின மண்ணிறச் சுவரைப் பார்த்து "இது உங்கள் வேலையா?" எண்டு கேட்டுக் குறித்தும் கொண்டார். மனுசன் சரியான கறார்.

அவர்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது, எனக்கு அது பிடிச்சிருந்தது. யன்னலுக்கு எண்டால், யன்னலிலிருந்து வேலிக்கு உள்ள தூரத்தில் பாதி, அதோடு ஒரு மீற்றர். எனக்குப் பன்னிரண்டில் பாதி ஆறு, ஒன்றைக் கூட்ட ஏழு. அதாவது யன்னல் கணக்கில் என் வழக்கு தோல்வி! வளவுக்கு வேறு கணக்கு. வளவின் ஆழத்தை, வேலி எந்தத் திசையில் நிற்குது என்பதுக்கு ஏற்ற ஒரு எண்ணால் பெருக்கவேணும். வேலி தெற்கில் நின்றால் 0.25. பன்னிரண்டின் கால்வாசி மூன்று மீற்றர். இரண்டில் குறைஞ்சதைத்தான் எடுப்பினம். அம்மாவின் யன்னல் தோற்று, அம்மாவின் வெந்தயம் வென்றது.

நாலைந்து மாதத்தில் முடிவு வந்தது, 2016 வசந்தத்தில். வேலியைப் பிடுங்கச் சொல்ல அவர்களுக்கு அதிகாரமில்லை, இரண்டு மீற்றருக்குக் கீழே வெட்டச் சொல்லவும் இல்லை. மரம் சாகிற மாதிரி ஒரேயடியாய் வெட்டச் சொல்வதும் பிடுங்குவதுக்குச் சமன். அதனாலை இரண்டு கட்டம். முதலில் மூன்றில் ஒன்றை எடுத்து 4.7 மீற்றர். அடுத்த வருசம் 3.1. அதுக்குப் பிறகு என்றைக்கும் மூன்றரையைத் தாண்டக்கூடாது. அந்த அரை மீற்றர் சலுகை கிழவரின் மறைப்புக்காக. செய்யாவிட்டால் ஆயிரம் பவுண்ஸ்வரை தண்டம், அல்லது கவுன்சிலே வெட்டிப்போட்டு அவரிடம் காசை அறவிடும். மேன்முறையீட்டுக்கு 28 நாள். ஆனால் குருவி கூடுகட்டுற காலம், கூட்டைக் குழப்பினால் 1981-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் பாயும். எனவே இலையுதிர் காலம்வரை பொறு.

வென்றாச்சு. அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னன். அம்மா கையில் இருந்த கீரையைத்தான் ஆய்ந்துகொண்டிருந்தா.

"கொப்பரும் வழக்கிலை வெண்ட மனிசன்தான்" எண்டா.

அந்த வழக்கு எங்கடை வீட்டில் எல்லாருக்கும் தெரியும். 1974-இல், வேலி அடைக்கேக்கை பெரியப்பா கதியாலை ஒரு அடி தள்ளிப் போட்டிட்டார் எண்டு அப்பா வழக்குப் போட்டவர். சொந்தப் பெரியப்பா இல்லை, அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன். எட்டு வருசம் நடந்தது. அப்புக்காத்துக்குக் கொடுத்த காசில் அந்த ஒரு அடிக் காணியைப் பத்துத்தரம் வாங்கியிருக்கலாம். அப்பா வென்றார். பொட்டு அடைபட்டது. அம்மாவும் பெரியம்மாவும் கிணத்தடியில் கண்டாலும் கதைக்கிறதில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே எழும்பிச் சாவகச்சேரிப் பக்கம் நடந்தபோது, நாவற்குழிப் பாலத்தில் நெரிசலுக்குள் இரண்டு குடும்பமும் பக்கத்தில் பக்கத்தில். பெரியப்பாவின்ரை சைக்கிளில் எங்கடை அரிசிச் சாக்கு போனது. நான் அப்போது இங்கே, அம்மா சொல்லித்தான் தெரியும். அடுத்த வருசம் திரும்பிப் போய்ப் பார்த்தால் வேலியே இல்லையாம். வழக்காடின ஒரு அடியும் இல்லை, ஒரு கதியாலும் இல்லை, இரண்டு வளவும் ஒரே வெளியாய்க் கிடந்ததாம்.

செப்ரெம்பரில் ஒருநாள் எங்கள் கதவு தட்டுப்பட்டது. கிழவர். தடியோடு மூன்று தெரு சுற்றி வந்திருக்கிறார். கையில் கவுன்சில் கடிதமும் ஒரு மரவெட்டுக் கொம்பனியின் விலைக் கடிதமும். முதல் கட்டத்துக்கு மட்டும் ஆயிரத்து எண்ணூறு. இதைவிட மலிவாய் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். சண்டை பிடிக்க வரவில்லை. ஓய்வூதியத்தில் வாழுற ஒரு மனிசன் வந்து விலை விசாரிக்கிறார். அம்மா எட்டிப் பார்த்து, ஆர் எண்டு கேட்டு, கதிரையை இழுத்துப் போட்டா. தேத்தண்ணி வந்தது. அவருக்குக் காது கேளாது, அம்மாவுக்கு இங்கிலிஷ் வராது, இரண்டு பேரும் என்னை விட்டுப்போட்டுக் கதைச்சினம்.

"அரைவாசியை நாங்கள் குடுப்பம் எண்டு சொல்லு."

"அம்மா, நான் ஏற்கனவே நானூறு..."

"சொல்லு."

சொன்னேன். மனிசன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, இதை முதல் நாளே கேட்டிருந்தால் வெட்டியிருப்பேனே என்றார். எனக்கு ஏறின ஆத்திரத்துக்கு அளவில்லை. முதல் நாள் கதவைச் சாத்தினது ஆர்? ஆனால் முதல் நாள் நானும் அதைக் கேட்கவில்லைத்தான்.

ஒக்டோபரில் வெட்டினார்கள். அடுத்த வருசம் இரண்டாம் கட்டம், அதுவும் பாதிப் பாதி. 2017 டிசம்பர் 21, நல்ல வெயில். நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு நடுமத்தியானம் வளவில் போய் நின்றேன். நிழல் சரியாய் குசினிச் சுவரின் காலடியில் வந்து நின்றது, ஏறவில்லை. அம்மாவின் கட்டில் விரிப்பில் வெயில். அம்மா அதில் கையை வைத்துப் பார்த்தா. பிறகு, யன்னல் கண்ணாடி முழுக்கத் தூசி, துடை எண்டா. ஆறு வருசமாய்த் தெரியாத தூசி.

வேலி குறைந்ததில் கிழவரின் மேல்மாடி யன்னல் தெரியத் தொடங்கியது. பின்னேரம் நாலு மணிக்கு அங்கே லைற் எரியும். "மனிசன் எழும்பிட்டுது" எண்டு அம்மா சொல்லுவா. ஒருநாள் எரியவில்லை. போய்ப் பார் எண்டு என்னைத் துரத்தினா. மழைக்குள் மூன்று தெரு சுற்றி ஓடினன். பக்கத்து வீட்டுக்காரி சொன்னா, அவர் சகோதரி வீட்டுக்குப் போயிருக்கிறாராம். அடுத்த கோடையில் தக்காளி காய்த்தது, பூசணியும் ஒன்று. பூசணியில் பாதி மூன்று தெரு சுற்றிப் போனது.

2022-இல் கிழவர் முதியோர் இல்லத்துக்குப் போனார். வீடு விற்பட்டது. வாங்கினவர்கள் இளம் சோடி. வேலியைக் கவனிக்க நேரமில்லைப் போல, மெல்ல மெல்ல ஏறிக்கொண்டு வந்தது. நானும் இரண்டு வருசம் யன்னலால் பார்த்துப் பார்த்துப் பேசாமல் இருந்தேன். கவுன்சிலின் அந்த உத்தரவு ஆளோடு போகாது, காணியோடு நிற்கும். காணிப் பதிவில் ஏறியிருக்கும், வாங்குகிறவரையும் கட்டுப்படுத்தும். ஒரு ஈமெயில் போதும், கவுன்சில் பார்த்துக்கொள்ளும். ஈமெயிலை எழுதியும் வைத்திருந்தேன்.

அம்மாவுக்கு இப்போது எண்பது. நடக்க உருளைத் தாங்கி வேணும். போன சனி காலமை கோட்டைப் போட்டுக்கொண்டு முன்வாசலில் நிற்கிறா. எங்கை எண்டு கேட்டன். "உன்ரை கடிதத்தைப் பற்றி எனக்குத் தெரியும், நட" எண்டா. பத்து நிமிச நடை, இருபத்தைந்து நிமிசம் எடுத்தது. கதவைத் தட்டினோம். ஒரு பெடியன், தோளில் குழந்தை, சரியாய் நித்திரை கொள்ளாத முகம். நான் வாயைத் திறக்க முதல் அம்மாவைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"நீங்கள்தானா அந்த வேலிக்காரர்? சொலிசிற்றர் தந்த கடதாசியில் உங்களைப் பற்றி இரண்டு பக்கம் இருக்கு."

ஓம் என்றேன். குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, உள்ளுக்கு வாங்கோ, அளக்கிற ரேப் எங்கையோ வைச்சனான் எண்டு தேடப் போனான்.